பையில் வந்த பங்கசும் பத்திரத்தோடு போன கிருமியும்

(வாசிகசாலை ஆண்டு நிறைவுக் கூட்டமொன்றில் விவசாய விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இக்கூட்டத்தை ஒழுங்கு செய்த அன்பர்கள் எனக்குத் தந்த தலைப்பு ‘விஞ்ஞானமும் நாட்டின் பாதுகாப்பும்’ என்பதாகும். தலைப்போ கடல் போன்றது. எனக்குத் தரப்பட்ட நேரமோ அரை மணி. ஆகையால் உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு சிறு பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன். அந்தப் பொட்டலம் அமெரிக்காவிலே ஒரு விமான நிலையத்தில் அகப்பட்டது. அகப்பட்ட செய்தி உலகெங்கும் பறையறையப்பட்டது. வழக்கு முடிந்த செய்தி அந்த அளவுக்குக் காதில் விழவில்லை.

2024ஆம் ஆண்டு யூலை மாதம் சீன தேசத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் மிச்சிகன் மாநிலத்து டெற்றோயிற் விமான நிலையத்தில் வந்திறங்கினார். அவருடைய தோட்பையைச் சோதித்த சுங்க அதிகாரிகள், கசங்கிய மெல்லிய கடதாசிகளுக்கு நடுவே சிறு பிளாத்திக் உறைகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கக் கண்டனர். உறைகளுக்குள்ளே செந்நிறமான தாவரத் துணுக்குகள் இருந்தன. முதலில் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். பின்னர், தடை உண்டென்று அறிந்தே ஒளித்ததாகவும், தம் காதலி பணிபுரியும் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சிசாலையில் ஆராய்வதற்கே கொணர்ந்ததாகவும் ஒப்புக்கொண்டார். வந்த வழியே அவரைத் திருப்பி அனுப்பினர். ஏறக்குறைய ஓராண்டு சென்ற பின்னர், 2025 யூன் மாதத்தில், அந்தப் பெண்மணி கைது செய்யப்பட்டார். சதி, கடத்தல், பொய் வாக்குமூலம், விசா மோசடி ஆகியவை இருவர் மீதும் சாட்டப்பட்ட குற்றங்கள். அப்பெண்மணி சீனக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு விசுவாசமானவர் என்பதையும் அரச தரப்பினர் எடுத்துரைக்கத் தவறவில்லை.

உறைக்குள் இருந்தது பியூசாரியம் கிராமினியாரம் என்னும் பங்கசு. கோதுமை, வாற்கோதுமை, சோளம், நெல் ஆகியவற்றைத் தாக்குவது. பூக்கும் காலத்தில் மழையும் ஈரமும் இருந்தால் கதிரில் ஏறும். பச்சைக் கதிர் வைக்கோல் போல வெளிறும். மணி சுருங்கி இளஞ்சிவப்பாகும். விளைச்சல் குறைவது ஒரு பாதி. மறு பாதி, அம்மணியில் அது சுரந்து வைக்கும் நஞ்சு. உண்ட பன்றியும் மனிதனும் வாந்தியெடுப்பதால் அதற்கு ‘வாந்தி நஞ்சு’ என்றே பெயர் வழங்குகிறது. மாவாக்கினாலும் அடுப்பிலிட்டாலும் அந்த நஞ்சு எளிதில் அழிவதில்லை. இதனை ‘விவசாயப் பயங்கரவாதத்துக்கு ஆயுதமாகக் கூடியது’ என்று குற்றப்பத்திரிகை வருணித்தது. மறுநாள் பத்திரிகைகளில் ‘ஆகக் கூடியது’ என்ற சொற்கள் உதிர்ந்துபோய் ‘ஆயுதம்’ என்ற சொல் மாத்திரம் எஞ்சி நின்றது.

அன்பர்களே, இந்த ஆயுதம் அமெரிக்காவுக்குப் புதிதா? நூறாண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு வயல்களில் அது குடியிருந்து வருகிறது. 1993ஆம் ஆண்டு மினசோட்டா, டக்கோட்டா மாநிலங்களில் அது பெருங்கொள்ளையாய்ப் பரவி ஏறக்குறைய 100 கோடி டொலர் நட்டத்தை விளைத்தது. எந்தப் பகைவனும் அதை அனுப்பவில்லை. அவ்வாண்டுப் பெருமழை அனுப்பியது. மக்களைக் கொல்லவும் பயிரை அழிக்கவும் வல்லவை என்று அமெரிக்க அரசு தானே தொகுத்து வைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இந்தப் பங்கசின் பெயர் இல்லை. இதனை ஆராய விரும்புவோர் விவசாயத் திணைக்களத்துக்கு 526ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பி விண்ணப்பிக்கலாம். அதுவே வழி.

இதைக் கேட்டவுடன், ‘அப்படியானால் குற்றமே இல்லையே’ என்று இளைஞர்கள் சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. பொறுங்கள். குற்றம் உண்டு, சிறு குற்றமும் அன்று. ஒரு பங்கசின் பெயர் ஒன்றாயிருக்கலாம், கிளைகள் பல. ஒரே ஊரில் ஒரே பெயருடையவர் பத்துப்பேர் இருப்பதில்லையா? கனடாவிலும் வட டக்கோட்டாவிலும் இதே பங்கசின் வேறொரு கிளை, கூடுதலான நஞ்சைச் சுரப்பது, பழைய கிளையைத் தள்ளிவிட்டு இடம்பிடித்துக்கொண்டிருப்பதை 2000களில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். ஆகவே, ‘உங்கள் நாட்டில் உள்ளதுதானே’ என்று சொல்லி வெளிக் கிளையொன்றைப் பையிற் போட்டுக்கொண்டு வருவது விஞ்ஞானி செய்யத்தக்க காரியமன்று. படிவத்தை நிரப்பியிருந்தால், எந்த அறையில் வைப்பது, எப்படி அழிப்பது என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விகளிலேதான் பாதுகாப்பு இருக்கிறது. அவற்றுக்குப் பதிலளிக்காமல் தப்ப நினைத்ததே பிழை.

வழக்கு எவ்வாறு முடிந்தது? 2025 நவம்பரில் அப்பெண்மணி கடத்தலையும் பொய்யுரைத்ததையும் ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே சிறையிலிருந்த 5 மாதங்களே தண்டனையாகக் கொள்ளப்பட்டு, நாடு கடத்தும்படி தீர்ப்பாயிற்று. தீய நோக்கம் இருந்தமைக்குச் சான்று தம்மிடம் இல்லை என்று அரச தரப்பு வழக்கறிஞரே நீதிமன்றத்தில் கூறினார். நன்னோக்கத்துக்கும் சான்றில்லை என்று கூடவே சொல்லி வைத்தார். யூன் மாதத்தில் நாட்டையே அழிக்க வந்த ஆயுதம், நவம்பரில் 5 மாதச் சிறைக்குரிய பொட்டலமாய்ச் சுருங்கிற்று.

அதே விமான நிலையத்தில் அதே யூன் மாதத்தில் வூகான் நகரத்து ஆராய்ச்சி மாணவி ஒருவரும் பிடிபட்டார். அவர் முன்கூட்டித் தபாலில் அனுப்பியவை உருளைப்புழு ஆராய்ச்சிக்குரிய பொருட்கள். மூன்று மாதச் சிறை, பின் நாடு கடத்தல். அதற்கு முன்னரே, பெப்ரவரியில், பொஸ்ரன் விமான நிலையத்தில், ஹாவார்ட்டில் பணிபுரிந்த ரஷ்ய நாட்டு விஞ்ஞானி ஒருவர் பாரிசிலிருந்து தவளை முளையங்களை அறிவிக்காமல் கொணர்ந்தார் என்று விசா பறிக்கப்பட்டார். லூசியானா மாநிலத் தடுப்பு முகாமில் அவர் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்த பின்னரே கடத்தற் குற்றம் சாட்டப்பட்டது. தவளை முளையத்தால் எந்தக் கோட்டை இடிந்துவிடும் என்று எனக்கு விளங்கவில்லை. தண்டம் விதித்து, பொருளைப் பறித்து, எச்சரித்து விடவேண்டிய தவறுக்கும் நாட்டுக்கு எதிரான சதிக்கும் ஒரே தராசு பிடிக்கப்படுகிறது. தராசின் தட்டில் பொருளை வைப்பதை விட்டு, கொணர்ந்தவருடைய கடவுச்சீட்டை வைத்து நிறுக்கிறார்கள் என்பதே என் முறைப்பாடு.

சரி, கடவுச்சீட்டைப் பார்த்தே காவல் செய்தால் உண்மையான ஆபத்து அகப்பட்டுவிடுமா? கடந்த கால ஏட்டைப் புரட்டுவோம்.

1980களில் மேரிலாந்து மாநிலத்து ரொக்வில் நகரில் அமெரிக்காவின் மிகப்பெரிய நுண்ணுயிர்ச் சேகரம் ஒன்று இருந்தது. உலக ஆராய்ச்சிசாலைகள் அனைத்துக்கும் அது வித்துக்கடை போன்றது. 1986ஆம் ஆண்டு பக்தாத் பல்கலைக்கழகத்துக்கும், 1988ஆம் ஆண்டு ஈராக்கிய வர்த்தக அமைச்சுக்கும் அது அந்திராக்ஸ் முதலிய கிருமிகளை அனுப்பி வைத்தது. களவாக அன்று, அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்தின் அனுமதியோடு, முத்திரையோடு, பற்றுச்சீட்டோடு. அந்நாளில் ஈராக் ஈரானோடு பொருதிக்கொண்டிருந்தது, வாஷிங்ரனுக்கு வேண்டியவனாயிருந்தது. 1995இல் ஈராக் வெளியிட்ட கணக்கின்படி அது உற்பத்தி செய்த அந்திராக்ஸ் கிருமித் திரவம் 8,500 லீற்றர். குண்டுகளிலும் நிரப்பி வைத்திருந்தது. இந்த ஏற்றுமதிகளை 1994இல் அமெரிக்க செனற் சபைக் குழுவின் அறிக்கையே வெளிப்படுத்திற்று. எந்தச் சுங்க அதிகாரியும் இந்தப் பொதியைத் தடுத்திருக்க முடியாது. பத்திரம் சரியாயிருந்ததே!

1995இல் ஒஹாயோ மாநிலத்தவர் ஒருவர், வெள்ளை இனவெறிக் கூட்டமொன்றைச் சேர்ந்தவர், ஆராய்ச்சிசாலையின் பெயர் தாங்கிய கடிதமொன்றை எழுதி அதே சேகரத்திடமிருந்து கொள்ளைநோய்க் கிருமியைத் தபாலில் வருவித்துக்கொண்டார். பொதி தாமதமாகிறதே என்று அவரே தொலைபேசியில் அடிக்கடி விசாரித்ததனால்தான் ஐயம் பிறந்தது! கிருமிகளைக் கைமாற்றுவதற்கு அமெரிக்காவிற் கடுஞ்சட்டம் வந்தது அதன் பின்னர், 1996இல். 2001இல் தபாலுறைகளில் அந்திராக்ஸ் தூளை இட்டு அனுப்பி ஐவரைக் கொன்றவன் யாரென்று தேடியபோது, விசாரணை போய் முடிந்த இடம் அமெரிக்க இராணுவத்தின் சொந்த ஆராய்ச்சிசாலையே. எந்த விமான நிலையத்தையும் அத்தூள் கடக்கவில்லை.

இனி அச்சம் கடந்துபோனால் என்னாகும் என்பதற்கும் ஓர் உதாரணம். டெக்சாஸ் தொழினுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தோமஸ் பட்லர் கொள்ளைநோய் ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்டவர். தன்சானியா நாட்டு நோயாளரிடமிருந்து மாதிரிகளை எடுத்துத் தாமே கொண்டுவந்தார். 2003 சனவரியில் தம்முடைய 30 குப்பிகளைக் காணவில்லை என்று அறிவித்தார். நகரம் முழுவதும் புலனாய்வாளர் மயம். செய்தி ஜனாதிபதி வரையில் எட்டிற்று. ஈற்றில் அவர்மீது 69 குற்றச்சாட்டுகள். கிருமியைக் கடத்தி வந்தார் என்பதிலிருந்தும் பொய் சொன்னார் என்பதிலிருந்தும் யூரர்கள் அவரை விடுவித்தனர். 47 குற்றங்கள் நிரூபணமாயின. அவற்றிற் பெரும்பாலானவை மருந்துக் கம்பனிகளோடு அவர் வைத்திருந்த பணக்கணக்கைப் பற்றியவை. மிகுதி, தன்சானியாவுக்கே மாதிரியைத் திருப்பியனுப்பியபோது முறைப்படி அனுமதி பெறாத குற்றம். இரண்டாண்டுச் சிறை. அவரை நான் குற்றமற்றவர் என்று புகழ வரவில்லை. கவனயீனமும் செருக்கும் விஞ்ஞானிகளுக்கும் உண்டு. ஆனால், கொள்ளைநோய் இன்றும் ஏழை நாடுகளின் நோய். அதை ஆராய முன்வரும் அடுத்த மனிதன் இந்த வழக்கைப் படித்துவிட்டு என்ன செய்வான்? அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில், 2001ஆம் ஆண்டு அச்சத்தின் உச்சத்தில், பல்லாண்டு சேர்த்த அந்திராக்ஸ் தொகுப்பையே அழித்தார்கள். ஆராய்வாரும் இல்லை, ஆராயப் பொருளும் இல்லை என்ற நிலை எவருக்குப் பாதுகாப்பு?

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று நினைக்கலாம். பெரியோர்களே, உயிர்ப்பொருள் கடல் கடப்பதனால் ஒரு நாட்டின் தலையெழுத்து எப்படி மாறும் என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் நாடு இந்த இலங்கைத் தீவு!

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியிற் செம்மஞ்சட் பொட்டுகள் தோன்றின. கோப்பியின் தாயகமாகிய ஆபிரிக்காவுக்குரிய துருநோய் அது. எவனும் பகைமையால் அதை ஏவவில்லை. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசுகளை நன்கறிந்த பார்க்கிலி பாதிரியார் அவ்வாண்டே அதற்குப் பெயரிட்டு வெளியிட்டார். இந்த இடத்தைக் கவனியுங்கள். நோயுற்ற இலையைக் கடல் கடந்து அனுப்பியதும் உயிர்ப்பொருட் போக்குவரவுதான். அது கோப்பி விளையாத குளிர்நாட்டுக்கு, அறிந்தவர் கைக்கு, இன்னதென்று சொல்லி அனுப்பப்பட்டது. அனுப்பியிராவிட்டால் நம் பகைவனின் பெயரையும் நாம் அறிந்திருக்க மாட்டோம். பத்தாண்டு சென்று மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி 1880 முதல் 1882 வரை இங்கிருந்து ஆராய்ந்து, நோயின் வித்திகள் காற்றிற் பரவுவதையும், மலைமலையாய் ஒரே பயிரை நெருக்கி நட்டதே அதற்கு வழி திறந்ததையும் காட்டினார். காலம் கடந்துவிட்டது. இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட கோப்பி பட்டது. 1884இல் ஒறியன்ரல் வங்கி விழுந்தது. துரைமார் கப்பலேறினர். தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாய் வந்த தொழிலாளிக்கு ஏறக் கப்பலுமில்லை, கூலி பாக்கிக்குக் கணக்குமில்லை. பின்னர் அவனுடைய சந்ததியே தேயிலைக்குக் காடு வெட்டிற்று. அந்த ஒரு பங்கசு செய்த மாற்றத்தை எந்தப் படையெடுப்பும் மலைநாட்டிற் செய்ததில்லை.

இறப்பரின் கதை வேறு. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைக் கப்பலேற்றினார். பிரேசில் அதனை இன்றும் கொள்ளை என்கிறது. அவ்வேளை தடைச்சட்டம் இருக்கவில்லை என்பர் ஆங்கிலேயர். கியூ பூங்காவில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றுள் 1,900 வரையான கன்றுகள் இலங்கைக்கு வந்து கம்பகாவை அடுத்த எனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. விக்கத்துக்கு 1920இல் ‘சேர்’ பட்டம் கிடைத்தது. 2011இல் அயோவா மாநிலத்துச் சோள வயலில் கம்பனியின் விதையைத் தோண்டி எடுத்த சீனருக்கு 2016இல் மூன்றாண்டுச் சிறை கிடைத்தது. களவு களவுதான், அவரைத் தண்டித்ததில் எனக்குக் குறையில்லை. பட்டமும் விலங்கும் எந்த அளவுகோலாற் பகிரப்படுகின்றன என்று கேட்பதற்கு மாத்திரம் எனக்கு உரிமை வேண்டும்.

கியூவின் குளிரிலே தங்கி வந்ததனால், அமேசன் காட்டு இறப்பர் இலைக்கருகல் நோய் அக்கன்றுகளோடு வரவில்லை. 1928இல் அமெரிக்க மோட்டார் முதலாளி ஹென்றி போர்ட் பிரேசிலிலேயே பெருந்தோட்டம் போட்டார். மரங்கள் கிளையோடு கிளை தொட்டு வளர்ந்ததும் அந்நோய் பாய்ந்தது. 1945இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் விட்டுவிட்டுக் கையைக் கழுவினார். ஆசியத் தோட்டங்களில் அந்நோய் இன்றுவரை இல்லை. அதை வரவிடாமற் காப்பதற்கென்றே 1956ஆம் ஆண்டு ஆசிய நாடுகளின் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையில் தனி இணைப்பொன்று எழுதப்பட்டது. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. களுத்துறையிலும் கேகாலையிலும் பால்வெட்டி உயிர்வாழும் குடும்பங்களுக்கு உண்மையான எல்லைக் காவலர் யார்? கட்டுநாயக்காவில் உருப்பெருக்கியோடு உட்கார்ந்திருக்கும் தாவரத் தடுப்புக்காப்பு உத்தியோகத்தரே. அவருக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை. நல்ல ஆராய்ச்சிசாலையும், போதிய ஆட்களும், ‘என் பையில் இன்னது இருக்கிறது’ என்று அஞ்சாமற் சொல்லும் பயணிகளும் வேண்டும். சொன்னவனையும் ஒளித்தவனையும் ஒரே கூண்டில் ஏற்றும் நாட்டில் எவன் சொல்வான்?

வெளியே போவதையும் காக்கவேண்டும். 2020 மே மாதத்தில் யால வனத்தில் இத்தாலியர் இருவர் நூற்றுக்கணக்கான வண்ணத்துப்பூச்சிகளையும் பிற பூச்சிகளையும் போத்தல்களில் அடைத்து வைத்திருக்கப் பிடிபட்டனர். 2024 செப்டெம்பரில் 6 கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. உயிர்ச்செல்வம் அந்தந்த நாட்டின் ஆட்சிக்குரியது என்பதை 1992இன் உயிரினப் பல்வகைமை உடன்படிக்கை உலகறிய ஏற்றுக்கொண்டது. யாலவிற் காவலர் கண்டது பூச்சி வலையை. பிடித்தவர் எந்நாட்டார் என்பது பின்னர் தெரிந்தது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

நேரம் முடிந்துவிட்டதென்று தலைவர் மணியை எடுக்கிறார். ஒரேயொரு வீட்டுக் கதை சொல்லி அமர்கிறேன்.

என் பெரியம்மா அமெரிக்காவிலுள்ள மகளைப் பார்க்கப் போனபோது, பெட்டியில் நம் வளவுக் கறிவேப்பிலையை ஒரு கட்டு வைத்துக்கொண்டு போனார். விமான நிலையத்தில் ‘இலை, பழம் ஏதும் உண்டா?’ என்று கேட்டிருக்கிறார்கள். உண்மை பேசுகிற மனுஷி, ஓம் என்றிருக்கிறார். இலையைப் பறித்துக் குப்பைத்தொட்டியிற் போட்டுவிட்டு, வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தண்டமில்லை, முகாமில்லை. திரும்பி வந்தவர் என்னிடம் பொருமினார். நான் எடுத்துச் சொன்னேன்: கறிவேப்பிலையில் வாழும் ஒரு சிறு பூச்சி தோடை மரத்துக்குப் பச்சையாதல் நோயைக் காவுகிறது, 1998இல் அப்பூச்சியும் 2005இல் அந்நோயும் புளோரிடா மாநிலத்திற் காணப்பட்டன, 2003-04இல் 24 கோடிப் பெட்டி தோடம்பழம் தந்த மாநிலம், இப்பொழுது அதிற் பத்திலொன்றும் தருவதில்லை. எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “தம்பி, நான் ஓம் எண்டு சொன்னபடியாலதானே பறிச்சவங்கள், எனக்கு முன்னால நிண்டவ இல்லையெண்டு சொல்லிக் கொண்டுபோட்டா” என்றார்.

அடுத்த மாதம் பெரியம்மா மீண்டும் பயணமாகிறார். பெட்டி கட்டும் அன்று நானும் வருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.